பராசக்தி: நீதிமன்றக் காட்சிக்கு முன்னால் ஒரு யுத்தம்

‘பராசக்தி’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீதிமன்றக் காட்சிதான். சிவாஜி கணேசன் கூண்டில் நின்று பேசிய வசனம் இசைத்தட்டாக வந்தது, புத்தகமாக விற்றது, கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் முழங்கியது. படத்தைப் பார்க்காதவர்களும் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள். அந்தப் புகழில் ஒரு விடயம் மறைந்துபோனது. பராசக்தி ஒரு யுத்தப் படம். இரண்டாம் உலக யுத்தம் ஒரு தமிழ்க் குடும்பத்தை எப்படிச் சிதறடித்தது என்பதே அதன் கதை.

படம் வெளியானது 1952 ஒக்டோபர் 17, தீபாவளி நாளில். பாவலர் பாலசுந்தரம் எழுதி மேடையில் வெற்றிகரமாக ஓடிய அதே பெயருடைய நாடகம்தான் மூலம். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் உரிமையை வாங்கி ஏ.வி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தார். திரைக்கதையும் வசனமும் மு.கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. மேடை நடிகராக இருந்த சிவாஜிக்கு இதுவே முதல் படம். அவரை வேண்டாம் என்று ஏ.வி.மெய்யப்பன் தயங்கியபோது பெருமாள் பிடிவாதமாக நின்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை, அதை விட்டுவிடுவோம்.

ரங்கூனில் மூன்று சகோதரர்கள். மதுரையில் தந்தையும் தங்கை கல்யாணியும். தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்படுகிறார்கள். யுத்தம் நெருங்குவதால் கப்பல் கம்பெனி ஒரேயொரு டிக்கெட்தான் தருகிறது. இளையவன் குணசேகரனை அனுப்பிவிட்டு மற்றவர்கள் நின்றுவிடுகிறார்கள். கப்பல் கரை சேர மாதக்கணக்காகிறது. அதற்குள் கல்யாணம் முடிந்து, குழந்தை பிறக்கும் நாளில் கணவன் விபத்தில் இறந்து, அந்த அதிர்ச்சியில் தந்தையும் போய், வீடு ஏலத்துக்கு வந்துவிடுகிறது. சென்னையில் இறங்கும் குணசேகரனுக்குப் போக வீடில்லை. பர்மாவில் குண்டுவீச்சு கடுமையாகி மற்ற இருவரும் கிளம்புகிறார்கள். மூத்தவர் சந்திரசேகரன் திருச்சிக்கு வந்து நீதிபதியாகிறார். நடுவிலுள்ள ஞானசேகரன் வழியில் பிரிந்து, குண்டில் ஒரு காலை இழக்கிறான்.

இதில் கற்பனை என்று ஒதுக்க அதிகம் இல்லை. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக வெளியேறினார்கள். சிலர் அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் பக்கம், சிலர் தமு வழியாக மணிப்பூர் பக்கம். பசியிலும் கொலராவிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். வெள்ளையருக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்ற பாகுபாடு அன்றே பெரும் கோபத்தைக் கிளப்பியது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும்கூட குண்டுவீச்சைச் சந்தித்தன. படம் வந்தபோது இவையெல்லாம் பத்து வருடத்துக்கு முந்திய ஞாபகங்கள். கொட்டகையில் இருந்தவர்களில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

யுத்தமும் நாடகமும் சேர்ந்த படம் என்றால் உலகம் ‘காசாபிளாங்கா’வைச் சொல்லும். 1942இல் வந்த அதுவும் மேடையேறாத ஒரு நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். அங்கே கதை சுழல்வது வெளியேறும் அனுமதிப் பத்திரத்தைச் சுற்றி, இங்கே ஒரு கப்பல் டிக்கெட்டைச் சுற்றி. ஆனால் காசாபிளாங்கா விமானம் புறப்படுவதோடு முடிந்துவிடுகிறது. பராசக்தி தப்பி வந்தவன் ஊரில் என்ன ஆனான் என்று தொடர்ந்து போகிறது. யுத்தத்துக்குள் இருந்து வந்த நமக்கு அந்தப் பகுதிதான் தெரிந்த கதை.

இந்தப் படத்தை மாத்தளையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக நடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. அந்தப் பாதையோரங்களில் புதைந்தவர்களுக்குக் கணக்கில்லை. முத்துமாரியம்மன் கோயில் அந்த நடையின் முடிவில் எழுந்த கோயில் என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். 2023இல் மலையகத்தின் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் முடிந்ததும் மாத்தளையில்தான்.

வருடத்தையும் கவனியுங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் 7 ஆசனம் பெற்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு, 1952 தேர்தலில் ஒன்றுமில்லை. வாக்காளர் பட்டியலிலேயே தோட்டத்து மக்கள் இல்லை. அந்த வருடம் முழுக்கச் சத்தியாக்கிரகம் பற்றிய பேச்சு. அந்தச் சூழலில்தான் பராசக்தி இலங்கைக்கு வந்தது. கொழும்பு மைலன் தியேட்டரில் ஏறத்தாழ 40 வாரம் ஓடியது. போக இடமில்லாத ஒருவன் நீதிமன்றத்தில் நின்று கேள்வி கேட்கும் காட்சி, பிரஜாவுரிமை இல்லாத ஒருவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு டிக்கெட் விவகாரமும் இங்கே வந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, சிலருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் பலர் இங்கே விட்டுவந்தவர்களைப் பிறகு காணவேயில்லை. 1977 கலவரத்துக்குப் பின் இன்னொரு கூட்டம் பாதுகாப்புத் தேடி வடக்கே வவுனியாவுக்கும் வன்னிக்கும் போனது. 1983 ஜூலையில் மாத்தளை நகரத் தமிழர் கடைகள் எரிந்தன, அம்மன் கோயிலும் தப்பவில்லை. வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகள் 2009இல் எங்கே நின்றார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

படத்தில் குறையும் உண்டு. பர்மாவிலிருந்து நடந்தவர்களில் பெரும்பாலானோர் கூலித் தொழிலாளர். கருணாநிதியின் குடும்பமோ வசதியானது. முடிவும் எனக்கு ஒப்பவில்லை. கல்யாணி ஆற்றில் வீசிய குழந்தை ஓடத்தில் விழுந்து பிழைக்கிறது, நீதிபதி அண்ணனாகிறார், எல்லோரும் ஒரே நாளில் ஒன்றுசேர்கிறார்கள். காணாமல் போனவர்களைப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் உள்ள நாட்டில் இந்தக் காட்சியைப் பார்ப்பது சங்கடம்.

ஆனால் அதற்கு முன் ஒரு காட்சி இருக்கிறது. பசியோடு வாசலுக்கு வரும் கல்யாணியை, தங்கை என்று தெரியாமல் சந்திரசேகரன் விரட்டிவிடுகிறார். நடந்தே வந்த அகதி, பதவியில் ஏறிய பிறகு, இன்னொரு அகதியை விரட்டுகிறார். படத்தின் மிகக் கசப்பான இடம் அது. வசனப் புகழில் அதிகம் பேசப்படாத இடமும் அதுதான்.

எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடித்த ஞானசேகரனையும் யாரும் பேசுவதில்லை. காலை இழந்தவன் பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைக்கிறான், அதற்கு நன்கொடை திரட்டுகிறான். யுத்தத்தில் கால் போன ஒருவனை 1952இலேயே இரக்கத்துக்குரியவனாக மட்டும் காட்டாமல் அமைப்பாளனாகக் காட்டியிருக்கிறார்கள். படம் இணையத்தில் கிடைக்கிறது. நீதிமன்றக் காட்சிக்கு நேரடியாகப் போகாமல், ரங்கூனிலிருந்து தொடங்குங்கள்.