சின்னசேலம் கடைவீதி: வியாபாரம் எங்கே போகிறது?

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பேரூராட்சி சின்னசேலம். இதுபோன்ற சிறு நகரங்களின் கடைவீதியில் வியாபாரம் குறைய என்ன காரணம்?

புறவழிச்சாலை: வெளியூர் வண்டிகள் ஊருக்குள் வராமலே கடந்துவிடுகின்றன. டீ, பழம், பலகாரம் விற்பவர்களுக்கு இது பெரிய அடி.

மாவட்டத் தலைநகரம்: 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வேலையா அங்க போறவங்க, துணிமணியையும் அங்கேயே வாங்கிட்டு வந்துடலாம்.

ஆன்லைன்: பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

ஆனால், மழை பொய்த்த வருஷம் "அறுவடை முடிஞ்சதும் கொடுங்க" என்று நோட்டில் எழுதிக்கொள்வது பக்கத்துக் கடைக்காரர்தான். அந்தக் கடை மூடினால், கையில் காசில்லாத வீட்டுக்குத்தான் முதல் நஷ்டம்.