தேரைத் திருப்பும் கட்டை: ஓர் உறுப்பின் வரலாறு

முட்டுக்கட்டைக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. நடக்கிற காரியத்தைக் கெடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்கிறோம். செய்தித்தாள் தலைப்பிலும் வீட்டுப் பேச்சிலும் அதற்குத் தடை என்ற ஒரே பொருள்தான். தேர் ஓடும் வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மறுபக்கம் தெரியும். கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் நிற்காது என்பது மட்டுமல்ல, நேராகப் போகாது, மூலையில் திரும்பாது. தமிழ்நாட்டுத் தேருக்குச் சுக்கான் கிடையாது. முன் அச்சைத் திருப்பும் வழியும் கிடையாது. பல டன் எடையுள்ள மரக்கோபுரம் ஒன்றைத் தெருவுக்குள் வழிநடத்துவது கையால் தூக்கக்கூடிய ஒரு மரத்துண்டு.

அந்த மரத்துண்டு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, இப்போது எங்கே போகிறது என்பதே இக்கட்டுரையின் தேடல்.

தேடலைத் தென்பெண்ணைக் கரையில் தொடங்குவது பொருத்தம். ஒவ்வோர் ஆண்டும் தை 5ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைக்கு வருகிறார். ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் மணலில் கூடுகின்றன. அதே அண்ணாமலையார் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாளில் பெரிய தேரில் மாட வீதி சுற்றுகிறார். விநாயகர், முருகன், அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோருக்கும் தனித்தனித் தேர்கள். அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது வழக்கம். மணலூர்பேட்டைக்கு மறுபுறம், ஆற்றோடு கீழே போனால் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாளுக்குப் பங்குனியில் தேர். இரண்டு தேரூர்களுக்கு நடுவில் இருக்கிற ஊர் மணலூர்பேட்டை.

இந்த நிலத்துக்கும் தேருக்கும் உள்ள உறவு பக்தி இயக்கத்துக்கு முந்தியது. இது மலையமான் நாடு. கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 121 முதல் 124 வரை நிற்கின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவனான காரி, வந்தவர்க்குத் தேர் கொடுத்தே பெயர் பெற்றவன். அவன் கொடுத்த தேர் குதிரை பூட்டியது, எடை குறைந்தது, வேகமாக ஓடுவது. அதை வழிநடத்தியது எது? குதிரையும் கடிவாளமும் பாகனின் கையும். குதிரை திரும்பினால் தேர் திரும்பும். சக்கரத்துக்கு உருள்வது ஒன்றே வேலை. வினைத்திட்பம் பற்றிய அதிகாரத்தில் 667ஆம் குறள் தேரின் உறுப்பொன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அச்சாணியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பெரிய தேரைக் காப்பாற்றும் சிறிய பொருள் அதில் அச்சாணி. கட்டை அந்தக் காட்சியில் இல்லை. குதிரை இருக்கும்வரை அதற்குத் தேவையும் இல்லை.

கோயில் தேரில் எல்லாம் மாறியது. குதிரையின் இடத்துக்கு வடமும், வடத்தைப் பிடிக்க ஊரும் வந்தன. இரண்டு சக்கரம் நான்கும் அதற்கு மேலுமானது. ஆரக்கால் போட்ட இலேசான சக்கரம் போய், கனத்த பலகைகளை இணைத்து இரும்புப் பட்டை அடித்த முழுச் சக்கரம் வந்தது. மேலே நடகாசனம், தேவாசனம், சிம்மாசனம் என்று அடுக்குகள் ஏறின. அவ்வளவு பாரத்தையும் தாங்கும் அச்சு அசையாத அச்சாகத்தான் இருக்க முடியும். ஆகவே திசை திருப்பும் வேலை வண்டியை விட்டே இறங்கித் தரைக்கு வந்தது.

ஆனாலும் குதிரைகள் போகவில்லை. தேரின் முகப்பில் பாய்ந்து நிற்கும் மரக்குதிரைகளைப் பாருங்கள். அவற்றுக்குப் பின்னால், சிவன் கோயில் தேரானால், முப்புரம் எரித்த கதைப்படி பிரம்மா சாரதியாக நிற்பார், கையில் கடிவாளத்தோடு. பழைய தேரை வழிநடத்திய உறுப்புகள் புதிய தேரில் சிற்பமாகத் தங்கிவிட்டன. அதாவது, கண்ணுக்குத் தெரிகிற சாரதி அலங்காரம். உண்மைச் சாரதி சக்கரத்துக்குப் பக்கத்தில், குனிந்தபடி, கையில் கட்டையோடு பின்னோக்கி நடந்து வருகிறார். கோயில் தேரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடமாற்றத்துக்கு உரிய கவனம் கொடுத்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

கல்லில் செய்த தேர்களும் கட்டையின் வரலாற்றைத் தேட உதவவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலின் முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் கொண்ட தேராகவே அமைந்திருக்கிறது. மேலக்கடம்பூர்க் கோயிலும் அப்படியே. இரண்டும் அரிய வேலைப்பாடுகள். ஆனால் அந்தச் சிற்பிகள் கல்லில் வடித்தது குதிரை இழுக்கும் தேரை. வடம் பிடித்து இழுக்கும் வீதித் தேரை அல்ல. கட்டைக்குக் கல்லில் சாட்சி தேடிப் பயனில்லை. அது மரத்தில் பிறந்து, நசுங்கி, அடுப்புக்குப் போன பொருள்.

கட்டை எப்படித் தேரைத் திருப்புகிறது? தேரின் சக்கரங்கள் அச்சோடு இறுகியவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியாக அச்சின் முனையில் உருளும், கடையாணி அதைக் கழலாமல் காக்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் நிற்கும். மறுபக்கச் சக்கரம் வடத்தின் இழுப்பில் முன்னே போகும். தேர் நின்ற பக்கமாகத் திரும்பும். இது மூலை திருப்புகிற முறை. நேர் வீதியில் தேர் ஓரம் ஒதுங்கினால் வேறு முறை. சரிவாகச் செதுக்கிய கட்டையைச் சக்கரத்தின் விளிம்பில் சாய்வாகச் செருகுவார்கள். சக்கரம் அதன் மேல் ஏறி மறுபக்கமாகச் சறுக்கி இறங்கும். தேர் ஒரு சாண் நகர்ந்து வழிக்கு வரும். இந்தச் சாண் கணக்கில்தான் வீதியோரத்து வீடும் கடையும் தப்புகின்றன. நின்றுபோன தேரைக் கிளப்பப் பின்சக்கரத்தின் கீழ் நீண்ட தடியைக் கொடுத்து நெம்புவது மற்றொரு வேலை. திருநெல்வேலி நெல்லையப்பர் தேரில் ‘தடி போடுதல்’ என்றே அதற்குப் பெயர்.

செருகும் கணமும் கையை இழுக்கும் கணமும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. எந்த ஏட்டிலும் இதற்குப் பாடமில்லை. பெரியவர் பின்னால் நின்று சிறியவர் கற்றது.

20ஆம் நூற்றாண்டில்தான் பெரிய மாற்றம் வந்தது. திருவாரூர் ஆழித்தேர் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அலங்கரித்த நிலையில் சுமார் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்று சொல்லப்படும் தேர் அது. அப்பர் தேவாரத்திலேயே ஆழித்தேர் பேசப்படுகிறது. பழைய தேர் 1920களில் தீக்கிரையாகி, புதிய தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் நிலையிலேயே நின்றது. 1970இல் மீண்டும் ஓடியபோது திருச்சி பெல் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அதற்குத் துணை நின்றது. மரச் சக்கரத்தின் இடத்தில் இரும்புச் சக்கரம், கூடவே ஹைட்ராலிக் பிரேக். பின்னர் பல கோயில்கள் அதே வழியில் சென்றன. மண் வீதிகள் தார் வீதிகளாகவும் சிமெண்டு வீதிகளாகவும் ஆனபோது இந்த மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. மண்ணில் பதிந்து நிற்கும் கட்டை தாரில் வழுக்கும்.

பிரேக் வந்ததால் கட்டை ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. ஆழித்தேருக்கு இன்றும் புளிய மரத்தில் செய்த முட்டுக்கட்டைகள் நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கின்றன. மூலைகளில் இரும்புத் தகடு விரித்து, கிரீஸ் தடவி, அதன் மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். புளியைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. எளிதில் பிளக்காத, முறுக்கிய நார்கொண்ட மரம் அது. இறைச்சிக் கடைக்காரர் வெட்டுமரமாகப் புளியைத் தேடுவதும் அதனால்தான்.

சேகரிப்பு என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. தேர்ச் சிற்பங்களுக்கு உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் உண்டு. பழுதான தேர்களிலிருந்து கழற்றப்பட்ட பலகைகள் கலைப்பொருள் கடைகள் வழியாக வெளிநாட்டு அருங்காட்சியகங்கள்வரை போயிருக்கின்றன. ராஜு காளிதாஸ் 1989இல் வெளியிட்ட தமிழகத் தேர்கள் பற்றிய ஆய்வு நூலும், ஜார்ஜ் மிஷெல் பதிப்பித்து 1992இல் மார்க் வெளியீடாக வந்த தென்னிந்திய மரச்சிற்பத் தொகுப்பும் அந்தப் பலகைகளைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்தன. அது பெரிய தொண்டு. ஆனால் யாளியையும் வாயிற்காவலரையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்கள் அவற்றைச் சுமந்து வந்த சக்கரத்தையும், சக்கரத்தைத் திருப்பிய கட்டையையும் கண்டுகொள்ளவில்லை.

வேறொரு உலகத்தில் நிலைமை நேர்மாறு. 1957இல் இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தார். தடத்தின் பள்ளத்தைப் பிடித்து ஓடும் மின்சாரக் கார் அது. தகரத்தால் செய்த முதல் கார்களின் அடியில் பள்ளத்துக்குள் இறங்கிச் சுழலும் சிறு சக்கரம் ஒன்று இருந்தது. திசை காட்டுவதும் மின்சாரம் எடுப்பதும் அதன் வேலை. பின்னர் வந்த பிளாஸ்டிக் கார்களில் அதற்குப் பதில் கத்திபோல் தட்டையான வழிகாட்டியும் செம்பு இழைப் பட்டைகளும் வந்தன. இன்று பழைய கார் சேகரிப்பவர்கள் முதலில் வண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது அந்த உறுப்புக்காக. முதலில் தேய்ந்து உடைவது அதுதான், மாற்றிப் பொருத்துவதும் அதைத்தான். அது எந்த வகை, அசலா, பின்னாளில் செய்து போட்டதா என்பதை வைத்தே காரின் காலத்தையும் மதிப்பையும் கணிக்கிறார்கள். விரல் நகமளவு உறுப்புக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பை நாம் நம் தேரின் உறுப்புக்குக் கொடுக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது? கட்டையைப் பொறுத்தவரை தேய்மானமே அதன் பிறப்புச் சான்று. ஓடிய கட்டையின் சரிவில் இரும்புப் பட்டை அழுத்திய தடம் பளபளப்பாகப் பதிந்திருக்கும். மேல்நுனி நசுங்கி, நார் ஒரே திசையில் மடங்கியிருக்கும். அடிப்பக்கம் தரையில் இழுபட்ட கோடுகள், அவற்றுக்குள் மண்ணோ தாரோ. அந்தக் கறையே அது ஓடிய வீதியின் காலத்தைச் சொல்லிவிடும். எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது தேர்க்கட்டை அல்ல.

மரச் சக்கரத்தில் பார்க்க வேண்டியது பலகைகளின் இணைப்பு. வாய்ச்சியால் செதுக்கிய பரப்பில் சிறு சிறு குழிவுகள் அலைபோல் ஓடும். இயந்திர வட்டரம்பம் அறுத்த பலகையில் வளைகோடுகள் தெரியும். கொல்லர் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக, தலை ஒழுங்கற்று இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி பிற்காலத்தது. ஒரே சக்கரத்தில் இரண்டும் இருந்தால் பழுது பார்த்த சக்கரம் என்று கொள்ள வேண்டும், போலி என்று அவசரப்படக் கூடாது. அச்சும் அடித்தளமும் இலுப்பையா, வேங்கையா, தேக்கா என்பதை அந்த ஊர்த் தச்சரே ஒரு சீவலில் சொல்லிவிடுவார். கடையாணியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது அது எந்தப் பக்கச் சக்கரத்துக்கு உரியது என்பதற்குத் துப்பு.

பழையதைக் கண்டதும் விலை பேசுவது சேகரிப்பு ஆகாது. கோயில் தேரின் எந்த உறுப்பும் கோயிலின் சொத்து. 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பூரியில் ஆண்டுதோறும் தேர்களைப் புதிதாகச் செய்கிறார்கள், விழா முடிந்தபின் சக்கரங்களைக் கோயில் நிர்வாகமே பக்தர்களுக்கு விற்கிறது. நம் தேர்கள் தலைமுறை தாண்டி நிற்பவை. அந்த வழி நமக்கு ஒத்து வராது.

நமக்கு ஒத்த வழி மணலூர்பேட்டை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூவாகம் கூத்தாண்டவர் தேர் சித்திரையில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பூட்டப்படுகிறது. கூத்தாண்டவராகிய அரவானின் உறுப்புகள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து சேர, தேர் உருவாகிறது. விழா முடிந்ததும் கலைகிறது. எந்த உறுப்பு எந்த ஊரின் உரிமை என்பதில் அங்கே குழப்பமே இல்லை. உறுப்புக்கு ஊரும் பொறுப்பாளரும் உண்டு என்ற அந்த மரபுதான் நல்ல அருங்காட்சியகப் பதிவேட்டின் அடிப்படையும்.

கைவினைஞர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. சின்னசேலமும் திருக்கோவிலூரும் அந்தத் தொழிலின் வட்டாரங்கள். குறியீடு சிற்பத்துக்குத்தான், கட்டைக்கு அல்ல. ஆனால் மரத்தின் நாரை அறிந்த கை ஒன்றே.

இது வெறும் பழம்பொருள் ஆசையும் அல்ல. 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேர் கவிழ்ந்து இருவர் உயிரிழந்தனர். எந்த உறுப்பு எவ்வளவு ஆண்டு ஓடியது, எப்போது மாற்றியது என்ற குறிப்பு ஒவ்வொரு தேருக்கும் வேண்டும். தேய்ந்த உறுப்பைப் பாதுகாத்து வைத்தால் அடுத்ததை எப்படிச் செய்வது என்று அதுவே காட்டும்.

ஆகவே தேருள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேரோட்டம் முடிந்த மாலையில், நசுங்கிக் கிடக்கும் கட்டைகளில் ஒன்றை விறகுக்குப் போகவிடாமல் எடுத்து வையுங்கள். எந்த மரம், எந்தச் சக்கரம், எந்த மூலை, எந்த ஆண்டு, போட்டவர் யார் என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டுங்கள். கழற்றிய மரச் சக்கரம் மதிலோரம் கிடந்தால் மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். கட்டை போட்ட பெரியவர் இருந்தால் இந்த மாதமே போய் அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.