வானத்துக் கலங்கரை விளக்கங்கள்

கவிஞர்கள் கூடி வெளியிடும் மலரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்நாட்டின் ஆறாவது தலைவரான ஜான் குவின்ஸி ஆடம்ஸ் நம் இனத்தவர். கவிதை இனத்தைச் சொல்கிறேன். ஹார்வர்டில் சொல்லாட்சிக் கலையைப் போதித்தவர். பதவி இழந்த பின் 1832இல் அயர்லாந்து வரலாற்றை வைத்து ஒரு கதைக் காவியமே வெளியிட்டார். தம் பிறவியைத் தாமே தேர்ந்துகொள்ள முடிந்திருந்தால் பெருங்கவிஞனாகவே ஆகியிருப்பேன் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்த மனிதர். அவருடைய கவிதைகள் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அவர் பதவிக்கு வந்த விதமே பழிக்கு இடமாயிற்று. 1824ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும், ஆடம்ஸ் 84ம் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸைத் தேர்ந்தன. அவருக்குத் துணைநின்ற ஹென்றி கிளே பின்னர் வெளியுறவுச் செயலரானதும், ‘பேரம்’ என்ற கூக்குரல் எழுந்தது. நான்காண்டுகளும் அது அடங்கவில்லை.

இந்நிலையில் வேறொருவராயின் அடக்கி வாசித்திருப்பார். ஆடம்ஸோ 1825 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய முதல் ஆண்டறிக்கையில் சாலை, கால்வாய், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக்கூடம் என்று ஒரு பெருங்கனவையே விரித்தார். இத்தனை வேண்டாம் என்று அமைச்சரவையிலேயே தயங்கினர். ஐரோப்பாவில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட வானாய்வுக்கூடங்கள் இருக்க, அமெரிக்கக் கண்டத்தில் ஒன்றுமில்லையே என்று வருந்தி, அவற்றை ‘வானத்துக் கலங்கரை விளக்கங்கள்’ என்று உருவகித்தார். நம்மிடையே ஒருவர் கவியரங்கில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம். அங்கோ அது எதிர்க்கட்சியின் கேலிப்பொருளாயிற்று. அதே அறிக்கையில், வாக்காளரின் விருப்பத்தால் நம் கை முடங்கிவிட்டதென்று உலகுக்கு அறிவிக்கலாகாது என்ற பொருளில் எழுதியது இன்னும் பெருங்கேடு. மக்களை மதியாதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உருவகத்துக்காக அவர் மீது எனக்குக் குறையில்லை; இரண்டாவது வாக்கியம் தவறுதான்.

சொல்லில் மட்டுமன்று, செயலிலும் அவர் சறுக்கிய இடம் உண்டு. கிரீக் பழங்குடியினரின் ஜார்ஜியா நிலங்களைப் பறித்த 1825ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் முதலில் கையொப்பமிட்டார். அது மோசடியென்று உணர்ந்ததும் 1826இல் வேறோர் ஒப்பந்தம் செய்தார். ஜார்ஜியா ஆளுநர் அதை மதியாமல் எதிர்த்து நின்றபோது இறுதியில் விட்டுக்கொடுத்தார். நிலம் போயிற்று. வானத்தை நோக்கிய கண், காலடி மண்ணைக் காக்கவில்லை.

ஒரே ஒருநாள் மக்கள் அவருக்காக ஆரவாரித்தனர். 1828 ஜூலை 4 அன்று, செசபீக் – ஒகையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டினார். மண்வெட்டி ஒரு மரத்தின் அடிக்கட்டையில் மோதியது. மீண்டும் மீண்டும் முயன்றும் இறங்கவில்லை. உடனே மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணைப் பெயர்த்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. தம் உரையின் அணிநலன்கள் அனைத்தையும்விட அச்சிறு நிகழ்ச்சியே மக்கள் மனத்தைக் கவர்ந்தது என்று அன்று தாமே குறித்துக்கொண்டார். சொல்லாட்சி ஆசிரியர் இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்!

அது அவரைக் காப்பாற்றவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் ஜாக்சனுக்கு 178, அவருக்கு 83. பின்னர் 1831 முதல் சாகும்வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்து, அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பங்களின் வாயடைத்த விதியை எட்டாண்டு போராடி 1844இல் நீக்கச் செய்ததைத் தனிக்கட்டுரையாக எழுத வேண்டும்.

1843 நவம்பரில், 76 வயதில், சின்சினாட்டி நகரத்தார் அழைப்பை ஏற்று நெடும்பயணம் செய்து வானாய்வுக்கூடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கான பணத்தை அரசு தரவில்லை. ஆளுக்கு 25 டாலர் பங்கு என்று அவ்வூர் மக்களே திரட்டியிருந்தனர். அந்தக் குன்றுக்கு அவர் பெயரையே சூட்டினர்.