கமறன் அம்மையாரின் நிழற்படக் கலை

கோல்புறூக் - கமறன் சீர்திருத்தம் என்னும் தொடரை இலங்கை வரலாறு பயில்வார் யாவரும் அறிவர். 1833ஆம் ஆண்டின் அச்சீர்திருத்தத்திற்கென நீதித்துறை பற்றிய அறிக்கையை வரைந்தவர் சாள்ஸ் ஹே கமறன். அவர்தம் மனைவியாராகிய யூலியா மாகிறெற் கமறன், நிழற்படக் கலை வரலாற்றில் அழியா இடம் பெற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. தொழிற்பயிற்சியின்றி, ஆர்வமொன்றையே துணையாகக் கொண்ட அவ்வம்மையார் படத்தின் அமைப்பை எங்ஙனம் செம்மைசெய்தார் என்பதை ஈண்டு நோக்குவாம்.

1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 48ஆம் வயதில், 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருகரும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த தம் இல்லத்துக் கோழிக்கூட்டைப் படச்சாலையாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றி அவர் முயன்றார்.

அக்காலப் படநிலையங்களில், தூண், திரைச்சீலை, மேசை என்பவற்றினிடையே ஒருவரை நிறுத்தி, முழுவுருவையும் சிறிதாகக் காட்டுதல் வழக்கம். ஹென்றி பீச் றொபின்சன் என்பார், மரணத் தறுவாயிலுள்ள பெண்ணொருத்தியின் காட்சியை 1858இல் ஐந்து எதிர்மறைத் தகடுகளை இணைத்து ஆக்கினார். இவை சேர்த்தலால் அமைப்பைத் தேடிய நெறிகள். கமறன் அம்மையார் மேற்கொண்டதோ விலக்கும் நெறி. கமராவை முகத்தின் அண்மைக்குக் கொணர்ந்தார். பின்புறத்தைக் கருந்துணியால் மறைத்தார். ஒளியை ஒரு புறத்திருந்து விழச்செய்தார். வானநூலறிஞர் ஹேர்ஷலை 1867இல் எடுத்த படத்தில், இருளினின்று வெளிப்படும் முகமும் நரைமயிருமே நம் கண்ணைக் கவர்வன. இவர் படங்கள் தெளிவற்றவையெனத் துறைவல்லார் இகழ்ந்தனர். கூர்மை குன்றியமை உண்மையே. எனினும் அவர்கள் கூர்மையை அளந்தனரேயன்றி அமைப்பை அளந்தாரல்லர்.

1875இல் அம்மையார், காப்பித் தோட்டங்களையுடைய தம் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் ஊரவரையும், தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். எஞ்சிய படங்கள் சிலவே. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மாந்தர் சற்றுத் தொலைவில் நிற்கின்றனர். அவர்தம் பெயர்களும் குறிக்கப்பெறவில்லை. புலவர் தெனிசனுக்கும் அறிஞர் ஹேர்ஷலுக்கும் வழங்கிய அண்மை இவர்களுக்குக் கிட்டவில்லை. மொழி வேற்றுமை ஒரு காரணமாகலாம். தோட்ட முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த தூரம் பிறிதொன்றாகலாம். எங்கு நின்று படம் எடுப்பது என்பது கண்ணை மட்டும் பொறுத்ததன்று. மனத்தையும் பொறுத்ததென்பதற்கு இப்படங்களே சான்று. 1879இல் மறைந்த அவருடல் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. நம் மாணவர் படம் எடுக்கப் புகுங்கால், வேண்டாதவற்றை விலக்குதல், ஒளியின் திசையறிதல், அணுகி நிற்றல் என்னும் மூன்றையும் அம்மையாரிடம் கற்கலாம். களுத்துறையில் அவர் அணுகாது விட்டவர்களை அணுகுதலும் நம் கடனாகும்.