"நேர்மையான டிக்" சாவியோடு போன கதை

பொருளாளர் என்றதும் நமக்குச் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு மாநில அரசாங்கத்துக்கே பொருளாளர் உண்டு. அவுஸ்திரேலிய மாநிலங்களில் அப்பெயரைத் தாங்கியவர் நிதியமைச்சர். வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பவரும் அவரே. அமெரிக்க மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கு பொருளாளர் திறைசேரியின் காவலர். பல மாநிலங்களில் அவரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். வரி விதிக்கும் அதிகாரமோ, எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரமோ அவருக்கு இல்லை. வரும் பணத்தைப் பெற்றுப் பாதுகாப்பதும், சட்டப்படியான கட்டளைக்கு அமைய வெளியே கொடுப்பதுமே அவர் கடமை. கட்டளையைப் பிறப்பித்துக் கணக்கைப் பதிபவர் கணக்காய்வாளர். பெட்டகத்தின் சாவி ஒருவரிடம், பேரேடு மற்றொருவரிடம் என்பதே இந்த ஏற்பாட்டின் தத்துவம்.

இத்தத்துவம் ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்டக்கி மாநிலத்தின் வரலாறு நல்ல சாட்சி.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்லியம் டேட் என்பவர் அம்மாநிலத்தின் பொருளாளராகத் தெரிவானார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அவர் எல்லோருடனும் இனிமையாகப் பழகுபவர். மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் "நேர்மையான டிக்". தேர்தலுக்குத் தேர்தல் அவரே வென்றார். ஆளுநர்கள் மாறினார்கள், டேட் மாறவில்லை. இருபது ஆண்டுகள் அவருடைய பெயரே அவருக்குப் பிணையாக நின்றது.

1887ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான வில்லியம் பிராட்லி, திறைசேரியின் கணக்குகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று கோரினார். தேர்தலில் அவர் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் சைமன் பொலிவர் பக்னர் ஆளுநரானார். ஆனால் பிராட்லி எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. கணக்குகளைப் பார்வையிட வேண்டும் என்ற பேச்சு 1888இன் தொடக்கத்தில் சட்டசபைக்குள்ளும் எழுந்தது.

அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதி, லூயிவில் நகருக்குப் போய் இரண்டு நாட்களில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு டேட் தலைநகர் பிராங்போர்ட்டிலிருந்து ரயிலேறினார். புறப்படுமுன் புகையிலைச் சாக்குகள் இரண்டில் தங்க, வெள்ளி நாணயங்களை அவர் நிரப்பியதையும், நான்கு அங்குலப் பருமனான நோட்டுச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டதையும் அலுவலக எழுதுவினைஞர் ஒருவர் பார்த்திருந்தார். பார்த்தவருக்குச் சந்தேகம் எழவில்லை. பொருளாளர் பணத்தைக் கையாள்வதில் என்ன வியப்பு? அதுவும் "நேர்மையான டிக்" அல்லவா?

லூயிவிலிலிருந்து அவர் சின்சினாட்டிக்கு ரயிலேறினார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஒரு வாரத்துக்குள் ஆளுநர் பக்னர் சட்டசபைக்குச் செய்தியை அறிவித்தார். பற்றாக்குறை ஏறத்தாழ 2 இலட்சத்து 47 ஆயிரம் டொலர். பிரதிநிதிகள் சபை குற்றப் பிரேரணை கொண்டுவந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர் இல்லாமலே விசாரணை நடத்திய செனட் சபை, ஆறு குற்றச்சாட்டுகளில் நான்கில் அவரைக் குற்றவாளியாகக் கண்டு பதவி நீக்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஜப்பான், சீனா எனப் பல இடங்களிலிருந்து மகளுக்குச் சில கடிதங்கள் வந்தன. பின்னர் அவையும் நின்றன. டேட் அகப்படவே இல்லை.

இந்தக் கதையில் ஓடிப்போனவரை விட, அவர் விட்டுச் சென்ற திறைசேரியே என் சிந்தனையைக் கிளறுவது. பேரேடுகள் ஒழுங்கற்றுக் கிடந்தன. பணம் இருக்க வேண்டிய இடத்தில் கடன் சீட்டுகள் இருந்தன. அரசியல் நண்பர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் டேட் பொதுப் பணத்தைக் கைமாற்றாகவும் சம்பள முற்பணமாகவும் கொடுத்து வந்திருந்தார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களிற் சிலரே கடனாளிகளாக இருந்தனர். அவருடைய இனிமையான சுபாவத்தின் செலவைக் கென்டக்கி மக்கள் செலுத்தி வந்தார்கள் என்பதே உண்மை.

அம்மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு 1891இல் வந்தபோது டேட்டின் நிழல் அதன் மீது நன்றாகவே விழுந்திருந்தது. இரண்டு பரிகாரங்களை இங்கு குறிப்பிட வேண்டும்.

முதலாவது, 93ஆம் பிரிவு. பொருளாளர், கணக்காய்வாளர் போன்றோர் நான்கு ஆண்டுப் பதவிக் காலம் முடிந்ததும் அடுத்த தவணைக்கு அதே பதவியில் போட்டியிட முடியாது என்று அது விதித்தது. அரசியல்வாதிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பதவிகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள். தெல்மா ஸ்டோவல் என்ற அம்மையார் 1956 முதல் 1975 வரை இராஜாங்கச் செயலாளர் பதவியிலும் பொருளாளர் பதவியிலும் மாறி மாறி அமர்ந்தார். பின்னர் துணை ஆளுநரானார். அவர் மீது குற்றஞ் சொல்வது என் நோக்கமன்று. ஆளை மாற்றும் சட்டம் எவ்வளவு எளிதாகச் சங்கீதக் கதிரை விளையாட்டாகிறது என்பதையே சொல்ல வந்தேன். 1992இல் நிறைவேறிய திருத்தத்தின்படி இப்போது தொடர்ந்து இரண்டு தவணைகள் பதவி வகிக்கலாம்.

இரண்டாவது, 53ஆம் பிரிவு. பொருளாளரின் கணக்குகளையும் கணக்காய்வாளரின் கணக்குகளையும் மாதந்தோறும் பரிசோதிக்கச் சட்டம் இயற்றுமாறு அது பணித்தது. முடிவுகளை ஆளுநரிடம் கையளிக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை இரண்டு பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். சட்டசபையிலும் சமர்ப்பிக்க வேண்டும். காவலரை மட்டுமன்றிக் காவலரைக் கண்காணிப்பவரையும் பரிசோதிக்கச் சொன்னதே இதன் சிறப்பு.

பத்திரிகைத் தொழிலில் ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்த எனக்கு இரண்டாவது பரிகாரமே மேலானதாகப் படுகிறது. முதலாவது, மனிதரின் மீதுள்ள அவநம்பிக்கையில் பிறந்தது. இரண்டாவது, கணக்கு மக்களுடையது என்ற நம்பிக்கையில் பிறந்தது. ஆயினும் அச்சிட்டால் மட்டும் போதாது. கணக்காய்வு அறிக்கைகள் வெளிவந்தும், அவற்றை வரிவரியாக வாசிக்கச் செய்தியாளரும் இல்லை, கேட்க வாசகரும் இல்லை என்றால், அவை அச்சடித்த மௌனமே.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் தாயகத்திலும் நம்மவர் நடத்தும் சங்கங்களும் ஆலயங்களும் பல. அவற்றின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் "அவர் நல்ல மனிதர், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா" என்ற குரல் எழுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நல்ல மனிதருக்குக் கணக்குக் கேட்பதால் எந்த இழிவும் இல்லை. ஒழுங்காகக் கணக்கு வைத்த ஒருவரின் நற்பெயரை வதந்தியிலிருந்து காப்பதும் அதே பரிசோதனைதான். கென்டக்கி மக்கள் இருபது ஆண்டுகள் கேட்கத் தயங்கினார்கள். கேட்கத் துணிந்தபோது பெட்டகத்தில் கடன் சீட்டுகளே மிஞ்சியிருந்தன.