செக்கன்களின் எல்லை
1971இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் முதற் பதிப்பு, காலத்தைச் செக்கனின் அறுபதிலொரு கூறுகளாக எண்ணியது. அவ்வெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட 32 துவித இலக்கங்கள் இரண்டரை ஆண்டுகளுக்கேனும் போதவில்லை. பின்னர் செக்கனே அலகாகி, 1970 ஜனவரி 1 தொடக்கப் புள்ளியாயிற்று. நேர், எதிர்க் குறிக்கு ஓர் இலக்கம் செலவாவதால், 2038 ஜனவரி 19இல் எண் நிரம்பி, நாள் 1901 டிசெம்பருக்குப் பின்தள்ளப்படும். இதனை ஆக்கியோரின் குறும்பார்வை என்பது வரலாற்றுநோக்கு ஆகாது; நினைவகம் பெருவிலை பெற்றிருந்த காலத்தின் பொருளியல் முடிவே அது. ஓப்பன்பிஎஸ்டி 2014இலும், 32 இலக்கக் கணனிகளுக்கான லினக்ஸ் கரு 2020இலும் 64 இலக்கக் காலத்தை ஏற்றன. ஆயினும் பழைய செய்நிரல்களைத் திருத்தி மீளத் தொகுக்க அவற்றின் மூலநிரல் வேண்டும். அது விற்றவரின் உடைமையாகவே இருக்குமிடத்து, ஆலைக் கருவியை விலைகொடுத்து வாங்கியவரும் அதனை நாளாந்தம் இயக்கும் தொழிலாளியும் அவர் தயவையே எதிர்பார்த்திருக்க நேர்கின்றது.