பொது என்ற சொல்லுக்குள் யார்?
மனுவிலிருந்து கருத்துக் கேட்பு வரை



இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவுக்கு எரிவாயுக் கிடங்கையும் சுற்றுச்சூழல் அனுமதியையும் பொருளாக எடுத்துக்கொண்டேன் என்றதும் மன்றத் தோழர்கள் சிலர் வியந்தார்கள். ஆரணிக்கு எரிவாயு எங்கே வந்தது என்று ஒருவர் கேட்டார். வரவில்லை. ஆனால் எரிவாயுவோ தொழிற்பேட்டையோ நெடுஞ்சாலையோ, எது வந்தாலும் அதற்கு முன்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுக்கும்: ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.’ அதன் முதல் சொல்லுக்குள் நம் மக்கள் எப்படி நுழைந்தார்கள், எந்த வழியாக மீண்டும் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதே என் பேச்சு. நுழைந்த கதையில் சீனிவாசனுக்குப் பெரும் பங்கு உண்டு.

1893இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் சாதி இந்துக்களே மாவட்டங்களை ஆளுவார்கள், நம்மவர் வாழ்க்கை இன்னும் நசுங்கும் என்று பறையர் மகாஜன சபை எதிர்த்தது. 3,412 பேர் கையெழுத்திட்ட மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. மனுவின் நீளம் 112 அடி. ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆறு புடவைக்குச் சற்று மேல். அந்த மனுவின் கோரிக்கையோடு இன்று நாம் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். நான் கவனிப்பது வேறொன்றை. அதில் பெயர் எழுதியவரிடம் உனக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்படப் போகிறவன் என்பதே தகுதி.

அடுத்த ஆண்டு, 1894இல், நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அரசு ‘பொது நோக்கம்’ என்று அறிவித்தால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதே தவறு என்று ஆட்சேபிக்க அதில் முதலில் இடமில்லை. 1923இல் ஒரு திருத்தம் செய்து 5ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நிலத்தில் உரிமைத் தொடர்பு உடையவர் ஆட்சேபிக்கலாம், ஆட்சியர் அவரைக் கேட்க வேண்டும் என்றது அது. இந்திய மண்ணில் ஒரு திட்டத்தைப் பற்றி அரசு மக்களைக் ‘கேட்கும்’ கடமை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது எனலாம். கேட்கப்படுகிறவர் பட்டா உள்ளவர். அந்த நிலத்தில் நாற்று நட்டவரும், அதன் வரப்பில் மாடு மேய்த்தவரும், ஏரி மண்ணை நம்பிச் செங்கல் அறுத்தவரும் அந்தப் பிரிவின் கண்ணில் படவே இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டுதான் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசனின் தீர்மானம் வருகிறது. பொதுச் சாலை, பொதுத் தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொது அலுவல் நடக்கும் இடம் எதிலும் எந்த வகுப்பாரும் நுழையத் தடை இல்லை என்பது 1924 தீர்மானத்தின் சாரம். அரசும் அதை ஏற்று ஆணை வெளியிட்டது. பள்ளிப் பாடங்களில் இது கிணறும் தெருவுமாகச் சுருங்கிவிட்டது. ‘பொது அலுவல் நடக்கும் இடம்’ என்ற பகுதியை யாரும் படிப்பதில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபம் அப்படிப்பட்ட இடம்தான். மண்டபம் ஊருக்குள் எந்தத் தெருவில் இருக்கிறது, நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு 1924 அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது தெரியும்.

ஆக ஒரே காலத்தில் இரண்டு கோடுகள். ஒன்று, நிலமுடையவனின் ஆட்சேபணை. மற்றொன்று, நிலமற்றவனும் பொதுவில் ஓர் ஆள் என்ற உரிமை. இவை இரண்டும் சந்திக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சந்திக்க வைத்தவர்கள் போபால் மக்கள்.

போபாலை ஆலை விபத்து என்கிறோம். துல்லியமாகச் சொன்னால் அது சேமிப்புக் கிடங்கு விபத்து. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு கசிந்தது, தொட்டியில் சேர்த்து வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட். ஆலைக்கு எதிரே ஜெ.பி. நகர் குடிசைகளில் இருந்த ஏழைகளுக்குத் தங்கள் வாசலுக்கு எதிரே என்ன சேமிக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989இல் அபாயகர வேதிப்பொருள் விதிகள், 1994 ஜனவரி 27 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 1997 ஏப்ரல் 10 அன்று பொது விசாரணையைக் கட்டாயமாக்கிய திருத்தம் என்று வரிசையாக வந்தன. 1997 திருத்தத்தில்தான் திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய இடத்தில் வசிக்கும் எவரும் வந்து வாயால் சொல்லலாம், எழுதியும் தரலாம் என்ற நிலை உண்டாயிற்று. பட்டா கேட்கவில்லை. சாதியையும் கேட்கவில்லை. அது நன்மையா குறையா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த உரிமை வந்தபோது நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குக் காலம் கடந்திருந்தது. நம்முடைய கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது. அந்தப் பாலாற்றின் கரையெங்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் கழிவை விட்டு நிலத்தடி நீரைக் கெடுத்து முடித்திருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிறுவிய தீர்ப்பு அது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் தோல் பதனிடும் தொட்டிக்குள் இறங்கி நின்ற தலித் தொழிலாளி அந்த வரலாற்றில் வேலையை இழப்பவராகவும் நோயைச் சுமப்பவராகவும் மட்டுமே வருகிறார். ஆலை வருவதற்கு முன்பு அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இனி எரிவாயுவுக்கு வருகிறேன். இயற்கை எரிவாயுவை ஏறத்தாழ மைனஸ் 160 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகிறது, கொள்ளளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட இந்தியன் ஆயில் முனையத்தில் இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 1,80,000 கன மீட்டர் பிடிக்கும். அங்கிருந்து குழாய்கள் உள்நாட்டுக்கு வருகின்றன. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் அட்டவணையைப் பாருங்கள். திரவ எரிவாயு முனையத்துக்கு முன் அனுமதி தேவை. அபாயகரப் பொருள்களைத் தனியே சேமிக்கும் கிடங்குக்கும், அளவு வரம்பைத் தாண்டினால், தேவை. குழாய்க்கோ, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் நுண்பகுதி வழியே போனால் மட்டும்தான் தேவை. மானுக்கும் பவளத்துக்கும் கேட்பு உண்டு. வயலுக்கும் சேரிக்கும் இல்லை. மான் மீது எனக்குக் கோபமில்லை.

வயல் வழியே போகும் குழாய்க்கு 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் இருக்கிறது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் அரசுக்குப் போகும். குழாய்க்கு மேல் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. ஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம். 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். யார்? மறுபடியும் 1923தான்: நிலத்தில் உரிமைத் தொடர்பு உடையவர்.

இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டில் நடந்த பெரும் போராட்டம் கெயில் குழாய்ப் போராட்டம். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் பாதையில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர். 2013 மார்ச்சில் மாநில அரசு கோவையில் விவசாயிகளைக் கூட்டி மூன்று நாள் கருத்துக் கேட்டது. அதன்பின் குழாயை விளைநிலத்திலிருந்து எடுத்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அந்த ஆணையை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அந்த விவசாயிகளின் போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கேட்பு நிலமுடைய விவசாயிகளுக்கானது. அந்தத் தோட்டங்களில் பண்ணையாளாக இருந்த அருந்ததியரின் குடியிருப்பு குழாயிலிருந்து எத்தனை அடி என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. 2014 ஜூன் 27 விடியலில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நெருப்பு சர்வே எண் பார்த்துப் பரவவில்லை.

ஆரணியில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். சேவூரிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் கூலிக்கு நெய்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டும் சரிகையும் முதலாளியுடையது. பல வீடுகளில் தறி நிற்கும் இடம்கூட வாடகை. பாவு நீட்டுவது தெருவில். அவர் எந்த நிலத்தில் உரிமைத் தொடர்பு உடையவர்? ஆனால் தண்ணீர் உப்பானால் சாயம் பிடிக்காது, பட்டின் பளபளப்பு போகும், முதல் அடி அவருக்குத்தான். 2013இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர், நிலம் இல்லாவிட்டாலும் அப்பகுதியில் மூன்றாண்டு உழைத்துப் பிழைத்தவர் எல்லோரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடும் அதன்மீது பொது விசாரணையும் நடக்க வேண்டும் என்றது.

தமிழ்நாடு அரசு உடனே 105ஏ என்ற பிரிவைச் செருகி மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்குப் பெற்றது. இழப்பீடும் மறுவாழ்வும் பொருந்தும் என்றார்கள். சமூகத் தாக்க மதிப்பீடும் விசாரணையும் போயின. மூன்றில் ஒன்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கச் சட்டம், ஒன்று 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், மூன்றாவது 1978ஆம் ஆண்டின் அரிசன நலத் திட்டச் சட்டம். நம் வீட்டுமனைக்கான சட்டம்! மனை கிடைப்பதில் தாமதம் கூடாது என்பது நியாயமான வாதம். அந்த வாதத்தின் பக்கத்தில் சிப்காட்டையும் நெடுஞ்சாலையையும் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் சாமர்த்தியம். 2019இல் உயர் நீதிமன்றம் அதை அடித்தது. அரசு புதுச் சட்டம் இயற்றி உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

விளைவை நம் பக்கத்திலேயே பார்த்தோம். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023இல் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தவர்களில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே அரசு இறங்கி வந்தது. நிலமுடையவருக்கே இந்த நிலை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முறையாக ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிறது 2006 அறிவிக்கை. அதாவது பேட்டைக்கு ஒருமுறை கேட்டால் போதும். பிறகு உள்ளே வருவது சாயமா, மருந்தா, எரிவாயுத் தொட்டியா என்று நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் விரிவாக்கம் இந்தச் சலுகையில்தான் நின்றது. 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். மறுநாள், மே 23 அன்று, மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கச் சொன்னது. இந்த இரு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

2020இல் வாசல் இன்னும் குறுகியது. ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள் பி2 என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டு, காவிரிப் படுகை உட்பட எங்கும் கருத்துக் கேட்பு இல்லாமல் ஆயின. மார்ச்சில் வந்த புதிய வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைத்தது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தரச் சொல்லி ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கருத்துக் கேட்பு தொடர்பான விதியைப் பற்றியே கருத்துச் சொல்ல நமக்கு மொழி தரப்படவில்லை.

சாதியைக் கேட்காதது நன்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வாரன் கவுண்டியில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சுக் கழிவைப் புதைத்தபோது 500 பேருக்கு மேல் கைதானார்கள். அந்தப் போராட்ட மரபில் 1994 பிப்ரவரியில் கிளிண்டன் ஓர் ஆணை வெளியிட்டார். சிறுபான்மையினர்மீதும் ஏழைகள்மீதும் சூழல் சுமை அதிகமாக விழுகிறதா என்று அரசுத் துறைகள் பார்க்க வேண்டும் என்றது. நம் முதல் அறிவிக்கைக்குச் சில நாள்களே பிந்தியது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதை நீக்கிவிட்டார் என்பது வேறு. நம்மிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. நம் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் 10 கிலோமீட்டர் சுற்றளவின் மக்கள்தொகை அட்டவணையில் ‘பட்டியல் சாதியினர்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஓர் எண் இருக்கும். சேரி காற்று வீசும் திசையில் இருக்கிறதா, அதன் குடிநீர் எந்தக் கிணறு, சுடுகாட்டுப் பாதை வேலிக்குள் போகிறதா, எடுக்கப்படும் நிலத்தில் 1892 அரசாணையின்படி நமக்கு வந்த பஞ்சமி நிலம் எவ்வளவு, அது இப்போது யார் பெயரில் நிற்கிறது என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. இழப்பீட்டுக் காசோலை யார் பெயருக்குப் போகும் என்பதை அந்தக் கடைசிக் கேள்விதான் முடிவு செய்கிறது.

இந்தக் கட்டங்களை நாமே கூட்டத்தில் கேட்டு எழுத வைக்க வேண்டும். விதி நம் கையில் சில கருவிகளைத் தந்திருக்கிறது. 30 நாள் முன் அறிவிப்பு உண்டு. அறிக்கையின் சுருக்கம் தமிழில் உண்டு, முழு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை, பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. ஆகவே புறக்கணிப்பது எதிர்ப்பாகப் பதிவாகாது. எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும். இறுதியில் நடவடிக்கைக் குறிப்பை அதே மண்டபத்தில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கிய பிறகே அதிகாரி கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அதற்குள் சேரிப் பெண்கள் கடைசிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அன்று மட்டும் ஊருக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். வாசித்து முடிக்கும்வரை எழாதீர்கள். சொன்ன வாக்கியம் குறிப்பில் இல்லையென்றால் அங்கேயே நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.